குடியிருக்கும் மனை யாருடையது?
விவசாயக் கூலிகளின் வீட்டுமனை உரிமை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அரசின் வீட்டுத் திட்டம் எது வந்தாலும் நம் சேரிகளில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பட்டா இருக்கா?" மண்சுவரா, கூரை ஒழுகுகிறதா, ஒரே குடிசையில் மூன்று குடும்பம் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான். பட்டா இல்லையென்றால் பட்டியலில் பெயர் இருந்தும் வீடு கிடையாது. விக்கிரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் களப்பணிக்குப் போகும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறோம். நாலு தலைமுறையாக ஒரே இடத்தில் குடியிருக்கிறார்கள். ரேஷன் கார்டு இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, மின் இணைப்பும் இருக்கிறது. காலுக்குக் கீழே இருக்கும் மண் மட்டும் இன்னொருவர் பெயரில் இருக்கிறது, அல்லது யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

இதை அலுவலகத் தாமதம் என்று மட்டும் பார்க்கிற பழக்கம் நம் இளைஞர்களிடம் இருக்கிறது. மனு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். மனு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மனை ஏன் நம்முடையதாக இல்லை என்ற வரலாறு தெரியாமல் கொடுக்கும் மனு, கெஞ்சலாகவே முடிகிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

ஊர்நத்தமும் சேரியும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராஜராஜன் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் கணக்கு இருக்கிறது. அந்த ஊர்களில் வரி கட்ட வேண்டாத நிலங்கள் எவை என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. ஊர்நத்தம், குளம், கோயில், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்றும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று அளந்து கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, பிரித்து வைத்தது. அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை. சேரி இருந்த இடம் வரிக்கணக்கில் தனி இனமாக, வீடுகள் இருக்கிற இடமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. பின்னாளில் அந்த இடத்தையும் ஊரில் இருந்த மிராசுதார்கள் தங்கள் சொத்து என்று உரிமை கொண்டாடினார்கள். சேரியை ஒதுக்கி வைத்தவர்களே சேரியின் மண்ணுக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

அடிமை முறை ஒழிந்தது, மனை கட்டிப்போட்டது

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. அதன்பின் ஒரு பண்ணையாளை விற்கவோ அடகு வைக்கவோ நீதிமன்றத்தின் துணை கிடையாது. ஆனால் ஆண்டை அதற்காகக் கவலைப்படவில்லை. பண்ணையாள் குடியிருந்த குடிசை ஆண்டையின் நிலத்தில் இருந்தது. கடன் கணக்கு ஆண்டையிடம் இருந்தது. வேலைக்கு வரவில்லையா? குடிசையைப் பிரித்துக்கொண்டு போ. இதற்கு நீதிமன்றமும் தேவையில்லை, சவுக்கும் தேவையில்லை.

இதை அரசுக் கோப்பில் பளிச்சென்று பதிவு செய்தவர் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். 1891இல் அவர் அனுப்பிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்காக நமக்குத் தெரியும். அதன் அடிப்படையில் 1892இல் அரசாணை வந்தது, தரிசு நிலங்கள் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன, டி.சி. நிலம் என்று கணக்கில் ஏறின. ஆனால் அந்த அறிக்கை விளைநிலத்தோடு நிற்கவில்லை. சேரி மனை மிராசுதார் கையில் இருக்கும்வரை உழைப்பாளிக்குச் சுதந்திரம் இல்லை என்பதையும் அது பேசியது. கூலி கேட்கிறவனை, மதம் மாறுகிறவனை, வேறு வேலைக்குப் போகிறவனை அடக்க மிராசுதாரிடம் இருந்த கைக்கருவி குடிசை மனைதான். பஞ்சமி நிலத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், போராடியிருக்கிறோம். 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்திருக்கிறோம். அதே அறிக்கையின் மனைப் பக்கம் மட்டும் பேசப்படாமலே போயிற்று.

தொழிலாளர் துறையின் காலம்

1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி வந்தது. பெயர் தொழிலாளர் துறை என்றாலும், ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலனே அதன் பெரிய வேலை. சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவும் பிறகு இரட்டைமலை சீனிவாசனும் இருந்தார்கள். பொதுச்சாலையிலும் கிணற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். மனை இருந்தும் மனைக்குப் போகப் பாதை இல்லாத கொடுமை இன்றும் தொடர்வதால், அந்தத் தீர்மானத்தை வீட்டு உரிமையின் வரலாற்றிலும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தொழிலாளர் துறை நிலம் கையகப்படுத்தி வீட்டுமனை வழங்கியது. குறிப்பாகத் தஞ்சையில். ஆனால் இலவசமாக அல்ல. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, கடன் வாங்கி, தவணையாக நம் மக்களே பணம் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்தில் குடியிருக்க விலை கொடுத்தார்கள். இன்று "எல்லாம் அரசு சும்மா கொடுத்தது" என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பண்ணையாள் சட்டங்களும் வெண்மணியும்

கீழத்தஞ்சையில் செங்கொடி இயக்கம் வளர்ந்த பிறகு, 1952இல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டக் கூடாது, இவ்வளவு கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. பெயர் சொல்வதுபோல அது தஞ்சாவூருக்கான சட்டம். கொள்ளிடத்தின் வடபுறம் இருக்கும் நம் பகுதி அப்போது திருச்சி மாவட்டம். இங்கே ஜமீன்கள் இருந்தன: உடையார்பாளையம், அரியலூர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. ஜமீன் போனது. ஆனால் நிலம், உழுதவனைத் தாண்டி, ஏற்கெனவே குடியானவர் என்று கணக்கில் இருந்தவர்கள் கைக்கே பெரும்பாலும் போனது. கூலியாகவும் வாரத்துக்கும் உழைத்தவர்கள் கணக்கிலேயே இல்லை. திருச்சி மாவட்டத்தில் கையேருவாரம், மாட்டுவாரம் என்ற முறைகளில் விளைச்சலில் ஒரு பங்குக்கு உழைத்தவர்களுக்கு 1958இல்தான் தனிச் சட்டம் வந்தது.

தஞ்சையில் 1952 சட்டம் வந்ததும் நிலவுடைமையாளர்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற உறவையே கைவிட்டு, தினக்கூலி என்று மாற்றிக்கொண்டார்கள். பண்ணையாள் இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. சட்டம் ஒரு பெயரைக் காத்தது, அந்தப் பெயரையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அதன் பின்னும் குடிசை அதே நிலத்தில்தான் இருந்தது.

1961இல் குடியிருப்பு அனுபவதாரர்களை வெளியேற்றத்திலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்தது. வெளியேற்றக் கூடாது என்றது. மனை உன்னுடையது என்று சொல்லவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் தாக்கப்பட்டவர்கள், ஒரு சிறிய குடிசைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். 44 பேர் அங்கேயே எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். ஒளிந்துகொள்ள அந்த மக்களுக்கு இருந்தது ஒரு கூரைக்குடிசைதான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அதன்பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

1971: மறந்துபோன சட்டம்

அடுத்து வந்ததுதான் நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சட்டம். தமிழ்நாடு குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம், 1971. தமிழ்நாடு சட்டம் 40/1971. 1971 ஜூன் 19ஆம் தேதி ஒரு விவசாயியோ விவசாயத் தொழிலாளியோ அடுத்தவர் நிலத்தில் வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ குடியிருந்தால், அந்த மனை அவருக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். குடிசை நிற்கும் இடம் மட்டுமல்ல. அதை அனுபவிக்கத் தேவையான சுற்றுப்புறமும் "குடியிருப்பு" என்ற சொல்லுக்குள் வரும். 1976இல் கிராமக் கைவினைஞர்களுக்கும் இதேபோல் ஒரு சட்டம் செய்யப்பட்டது.

இது சாதாரணச் சட்டமல்ல. ஆண்டையின் நிலத்தில் இருந்த குடிசை மனையை உழைப்பாளியின் சொத்தாக மாற்றியது. 1843 செய்யாமல் விட்ட வேலையை 1971 செய்தது என்றே சொல்லலாம்.

பிறகு ஏன் இன்னும் பட்டா இல்லை? உரிமை சட்டத்தில் வந்தாலும் கணக்கில் ஏற வேண்டும். கணக்கில் ஏற்ற, இவர் விவசாயத் தொழிலாளி என்றும் அந்தத் தேதியில் இங்கே குடியிருந்தார் என்றும் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க எழுத்துச் சான்று வேண்டும். ஆண்டையின் வாய்மொழி அனுமதியில் குடியிருந்தவரிடம் என்ன எழுத்து இருக்கும்? கிராமக் கணக்கை எழுதியவர்கள் யார்? 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் முறை ஒழிக்கப்படும்வரை மணியமும் கணக்குப்பிள்ளையும் ஊரின் ஆதிக்கக் குடும்பங்களிலிருந்தே பெரும்பாலும் வந்தார்கள். யாருக்கு எதிராக உரிமை கேட்க வேண்டுமோ, அவருடைய உறவினரிடமே சான்று கேட்க வேண்டியிருந்தது. நாளைக்கு அவர் வயலில்தான் நாற்று நட வேண்டும். கேட்காமல் விட்டவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

"காலனி" வந்த கதை

மனை உரிமைக்கு அரசு பிடித்த இன்னொரு வழி, தனி நிலம் எடுத்துப் புதுக் குடியிருப்பு அமைப்பது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதனால் 1978இல் தமிழ்நாடு அரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் (31/1978) வந்தது. மாவட்ட ஆட்சியரே நில உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, காரணம் கேட்டு, மாவட்ட அரசிதழில் வெளியிட்டு நிலத்தை எடுக்கலாம்.

நிலவுடைமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1994இல் அனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இழப்பீட்டைத் தவணையாகத் தரும் பகுதியை மட்டும் நீக்கியது. 2013இல் மத்திய அரசின் புதிய நில எடுப்புச் சட்டம் வந்ததும் மறுபடி சிக்கல். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், மாநிலத்தின் மூன்று நில எடுப்புச் சட்டங்களைக் காப்பாற்றச் செய்த திருத்தத்தை ரத்து செய்தது. அந்த மூன்றில் தொழிற்சாலைக்கான சட்டமும் நெடுஞ்சாலைக்கான சட்டமும் இருந்தன. மாநில அரசு அதே ஆண்டில் மீட்புச் சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நம் மனைச் சட்டம் நெடுஞ்சாலையோடும் தொழிற்சாலையோடும் ஒரே வண்டியில் ஏறித் தப்பித்தது.

நில எடுப்பு என்றதும் அரியலூர் மக்களுக்கு ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் நினைவுக்கு வரும். 1990களின் இறுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்பட்டது. கால் நூற்றாண்டு திட்டம் நடக்கவில்லை. கடைசியில் நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. நடக்காத சுரங்கத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்க முடிந்த நிர்வாகம், நம் தெருவுக்கு இரண்டு ஏக்கர் என்றால் "இடம் இல்லை" என்கிறது.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். எடுத்த நிலம் எங்கே இருந்தது? பெரும்பாலும் பழைய சேரிக்குப் பக்கத்திலோ ஊரை விட்டு இன்னும் தள்ளியோ. சாதி பிரித்து வைத்த இடத்தை அரசு செலவு செய்து, சாலை போட்டு, பலகை நட்டு உறுதிப்படுத்தியது. "காலனி" என்ற சொல்லே சாதிப்பெயர் ஆயிற்று. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போனாலும் அந்த எல்லைக்கோடு அப்படியேதான் இருக்கிறது.

1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் அந்தக் கோட்டை அழிக்க முயன்றது. 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எண்ணம் பெரியது. ஆனால் அது புதிதாகக் கட்டிய இடத்தில் மட்டும்தான். பழைய ஊரில் ஊரும் சேரியும் இருந்தபடியே இருந்தன. இதற்கு நேர் எதிராக அம்பேத்கர் யோசித்தார் என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சாதி இந்துக்களின் நிலத்தை நம்பி வாழும்வரை தீண்டாமை போகாது. அரசின் சாகுபடித் தரிசில் நம் மக்களுக்கென்று நிலத்தோடு கூடிய தனிக் குடியேற்றம் வேண்டும் என்ற கோரிக்கை, 1942 நாக்பூர் மாநாட்டிலும் 1947இல் அவர் எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" நூலிலும் இருக்கிறது. "தனிக் குடியேற்றம்" என்பதைக் காலனியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காலனி உழைக்கும் கையை ஊருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. அவர் கேட்டது வீட்டோடு வயலும்.

வீடு வந்தது, மனை வரவில்லை

1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011இல் சூரிய மின்விளக்குடன் 300 சதுர அடி பசுமை வீடு. 2016இல் பிரதமர் வீட்டுத் திட்டம். 2024இல் 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி கலைஞரின் கனவு இல்லம். ஆறு ஆண்டில் 8 லட்சம் வீடு இலக்கு. ஆட்சிகள் மாறினாலும் வீடு கட்டும் வேலை நிற்கவில்லை. தமிழ்நாட்டின் சாதனை என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் வீட்டுக்கு மேலே கொடி கட்டுகிற அளவுக்கு, கீழே இருக்கும் மண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பட்டா உள்ளவருக்கு வீடு. பட்டா இல்லாதவர்கள் பெரும்பாலும் நிலமற்ற விவசாயக் கூலிகள். ஆக, யாருக்கு வீடு மிக அவசரமோ அவர் கடைசியில் நிற்கிறார்.

இங்கே ஊராட்சியின் அதிகாரம் எவ்வளவு என்று புரிந்துகொள்ள வேண்டும். பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் வைக்கலாம், தீர்மானம் போடலாம். பட்டா கொடுக்க ஊராட்சிக்கு அதிகாரம் கிடையாது. அது வருவாய்த்துறை: வருவாய் நிலையாணை 21, வட்டாட்சியர், ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர். தலித் தோழர் ஊராட்சித் தலைவராக வந்தாலும் சேரி மனைக்கு அவரால் பரிந்துரைக்கத்தான் முடியும். தனித்தொகுதி ஆன ஒரே காரணத்துக்காக மேலவளவு முருகேசனையும் தோழர்களையும் 1997இல் வெட்டிக் கொன்றார்கள். அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற நாற்காலிக்கு ஒரு சென்ட் மனை கொடுக்கும் அதிகாரம் இல்லை என்பதை நாம் பேச வேண்டும்.

பட்டா கிடைத்தும் இடம் கிடைக்காதவர்கள் தனிக் கூட்டம். சான்றிதழில் சர்வே எண் இருக்கும். அளந்து கல் நட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள். அல்லது அந்த இடத்தில் இன்னொருவர் முந்திரி வைத்திருப்பார்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

உழைப்பாளியின் வீட்டை முதலாளி கையில் வைத்திருப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் பண்ணை வேலை போனால் பண்ணை வீடும் போகும் என்ற நிலை இருந்தது. 1976இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அங்கே பாதுகாப்புக் கொடுத்தார்கள். இலங்கை மலையகத்தில் நம்மிலிருந்து போன தமிழர்கள் தலைமுறைகளாகத் தோட்டத்தின் லயன் அறைகளில் இருக்கிறார்கள். வேலை தோட்டத்தோடு, வீடும் தோட்டத்தோடு. ஏழு பேர்ச் காணி என்பதே அங்கே பெரிய அரசியல் கோரிக்கை.

கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், குடிகிடப்புக்காரர்களுக்குக் கிராமப் பகுதியில் 10 சென்ட் வரை மனை உரிமை தந்தது. நம் சட்டத்தைவிட வேகமாக நடந்தது, காரணம் அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் நேரில் நின்று மனையை வளைத்து வேலி போட்டன. ஆனால் அங்கும் தலித் மக்களுக்கு மனை கிடைத்த அளவுக்கு விளைநிலம் கிடைக்கவில்லை. 2007இல் செங்ஙறையில் தோட்டத்துக்குள் குடிசை போட்டு நிலம் கேட்டவர்கள் அந்த விடுபட்ட மக்கள்தான். மனை முதல் படி. அதோடு நின்றால் கூலிக்குப் போகும் இடம் மாறாது.

நாம் செய்ய வேண்டியது

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 31 சதவீதம், அரியலூரில் சுமார் 23 சதவீதம். இவ்வளவு பேர் வாழும் மாவட்டங்களில் எந்தச் சேரி எந்த வகை நிலத்தில் இருக்கிறது என்ற பட்டியல் நம் கையில் இருக்க வேண்டாமா? அதைத் தயாரிப்பது மாணவர்களால் முடியும்.

முதலில், உங்கள் தெருவின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். 'அ' பதிவேடு, அடங்கல், புலப்படம் மூன்றையும் வாங்குங்கள். இடம் கிராம நத்தமா, புறம்போக்கா, தனியார் பட்டாவா, டி.சி. நிலமா என்று பாருங்கள். வழி அதைப் பொறுத்தது. நத்தம் என்றால் நத்தம் பட்டா. ஆட்சேபணையில்லாப் புறம்போக்கு என்றால் ஒப்படை. தனியார் நிலத்தில் 1971க்கு முன்பிருந்து குடியிருந்தால் 40/1971 சட்டம். இடமே இல்லையென்றால் 31/1978.

இரண்டாவது, பெரியவர்களின் சாட்சியத்தை இப்போதே எழுதி வாங்குங்கள். 1971இல் இருபது வயது இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. பழைய வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, வீட்டுவரி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது, பட்டாவைப் பெண்கள் பெயரில் கேளுங்கள். கீழத்தஞ்சையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்ததை முன்மாதிரியாகச் சொல்லுங்கள்.

நான்காவது, காலி செய்யச் சொல்லி மிரட்டினால் அதைத் தகராறு என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்காதீர்கள். பட்டியல் சாதியினரை வீட்டை விட்டோ ஊரை விட்டோ வெளியேறச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில் இதே மாவட்டத்துப் பொன்பரப்பியில் நம் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கியதைப் பார்த்தோம். வாக்கு யாருக்கு என்று கேட்டு வந்தவர்கள் உடைத்தது வீட்டை. நம் மனையும் கூரையும் அவர்கள் கண்ணை எவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்வதோடு நிற்காமல், பட்டா இல்லாத குடும்பங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் போகிற மனுவில் சட்ட எண்ணையும் ஆண்டையும் எழுதுங்கள். அலுவலர்களுக்கே மறந்துபோன சட்டத்தை நாம்தான் நினைவூட்ட வேண்டும்.

ஜெய்பீம்.